தெரியாது என்று சொன்னவர்

சிதம்பரம் வண்டிகேட் நிறுத்தத்தில் ஒருநாள் மாலை நானும் மேடமும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். மூச்சிரைக்க ஓடிவந்த ஒருவர் அவரிடம் கேட்டார்: “காட்டுமன்னார்கோயில் பஸ் போயிடுச்சாம்மா?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நான் வந்து பத்து நிமிஷம் ஆவுது. அதுக்குள்ள போகல. அதுக்கு முன்னாடி போச்சான்னு எனக்குத் தெரியாது.”

“போயிடுச்சா, போகலியாம்மா?”

“அதான் சொன்னேனே. தெரியாது.”

வந்தவர் என் பக்கம் திரும்பினார். எனக்கு அதைவிடக் குறைவாகத்தான் தெரியும். மேடத்துக்குப் பின்னால் வந்து நின்றவன் நான். “இப்ப வந்துரும்ணே, நில்லுங்க” என்றேன். அந்த மனிதர் முகம் மலர்ந்து எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். எங்கள் பஸ் வந்து, நாங்கள் ஏறி, அது கிளம்பித் திரும்பும்வரை அவர் அங்கேயே நின்றிருந்தார். ஜன்னல் வழியாக அவருக்குக் கைகூட காட்டினேன்.

மேடம் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் உலோகங்கள் ஏன் அரித்துப்போகின்றன என்று ஆராய்கிறவர். நான் செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயன ஆலையில் பராமரிப்புப் பொறியாளர். அதாவது, அவர் துருவைப் படிக்கிறவர். நான் துருவின் மேல் பெயின்ட் அடிக்கிறவன். ஆலையில் அவருக்குத் ‘தெரியாது மேடம்’ என்று பெயர். வைத்தது நான்தான். மற்றவர்களுக்குப் பட்டப்பெயர் வைக்கும் பொறுப்பை ஆலையில் யாரும் கேட்காமலே ஏற்றுக்கொண்டிருந்தேன்.

ஒல்லியான உருவம். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, இடது மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். எந்தக் கேள்வி கேட்டாலும் அவர் முகத்தில் ஒரு சின்னத் தயக்கம் வரும். தனக்குத் தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே கயிறு கட்டி அளக்கிற தயக்கம். அளந்து முடித்தபின் கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பதை மட்டும் சொல்வார். ஒரு சாண் தாண்டமாட்டார்.

அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு பையனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் விசாரிக்க வந்தபோது, “மூணு வருஷமாப் பாக்குறேன். கண்ணாடிக் குடுவை எதையும் உடைச்சதில்ல” என்றார். குணம் எப்படி என்று கேட்டதற்கு, “என் முன்னாடி நல்லா நடந்துக்குறான். வெளியில தெரியாது” என்றார். சம்பந்தம் நின்றுபோனது. பையன் ஒரு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு அதில் வருத்தம்தான், ஆனால் சொன்னதில் எந்த வார்த்தையை மாற்றியிருக்க வேண்டும் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. அவருடைய வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்த்தவர், நல்ல நகைச்சுவைக்காரர். ஒருமுறை என்னிடம் சொன்னார்: “கொழம்புல உப்பு போதுமான்னு கேட்டேன் சார். ‘இந்த வாய்க்குப் போதும், அடுத்த வாய் சாப்ட்டுச் சொல்றேன்’னா. முப்பது வருஷமா இப்படித்தான் சாப்புடுறேன்.”

எங்களுக்கு மேடத்திடம் வேலை வந்தது ஒரு எல்போவால். எல்போ என்றால் வேறொன்றுமில்லை, குழாய் திரும்புகிற இடத்தில் வைக்கும் வளைவு. கொதிக்கிற அமிலக் கரைசல் போகும் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்றில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எல்போக்கள். ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் பொருத்தியவை. வருடாந்தரப் பராமரிப்பில் ஒன்றில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. அதைக் கழற்றிப் புதியதைப் போட்டோம். கேள்வி மற்றதைப் பற்றியது. விரிசல் விட்டதற்குக் காரணம் வார்ப்பில் இருந்த குறை என்றால், அது அந்த ஒரு எல்போவோடு போயிற்று. கரைசலில் இருக்கும் குளோரின் உலோகத்துக்குள்ளே நுழைந்து அரித்திருந்தால், மற்றதும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

விரிசல் பக்கத்தில் ஒரு துண்டை வெட்டி அவரிடம் கொண்டுபோனவன் நான். எப்படிக் கொண்டுபோனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைக்குட்டையில் சுற்றி, சட்டைப் பையில் போட்டு, சித்திரை மாத வெயிலில், ஜன்னலோரம் கடல் காற்று வாங்கிக்கொண்டு. ஆலப்பாக்கம் தாண்டியதும் கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்துக்கொண்டு, துண்டை மறுபடி அதிலேயே சுற்றி வைத்தேன்.

அவர் செய்த சோதனையை அவர் எனக்கு விளக்கிய மாதிரியே சொல்கிறேன். உலோகத்தை ஓர் ஊசியாகச் சீவுவார்கள். அதன் முனை, ஒரு தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தால் கிடைக்கும் ஒன்றளவு. அதைக் காற்றில்லாத ஒரு பெட்டிக்குள் கடுங்குளிரில் நிறுத்தி மின்சாரத்தால் இழுத்தால், முனையிலிருந்து அணுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று பறக்கும். பறந்து வந்து சேர எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை வைத்து இது இரும்பு, இது குரோமியம், இது குளோரின் என்று கருவி சொல்லிவிடும். எது எந்த இடத்தில் இருந்தது என்றும் சொல்லும். கடைசியில் ஊசி இருக்காது, அதன் கணக்கு மட்டும் இருக்கும். அந்தக் கருவி சென்னையில் இருந்தது. முறை வாங்கி, காத்திருந்து, போய்வர வேண்டும்.

முதல் ஊசியின் முடிவைச் சொல்ல அவரே ஆலைக்கு வந்தார். கையில் ஒரு பெரிய அலுமினியக் கேன். கேட்டில் வாட்ச்மேன் மறித்தார்.

“உள்ள என்னா மேடம்?”

“இப்ப நைட்ரஜன் மட்டுந்தான். முந்தாநாள் வரைக்கும் காளையோட விந்து இருந்துச்சு.”

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். புவனகிரிப் பக்கம் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற ஒருவரிடம் கேட்டு வாங்கிய கேன் அது. கொட்டினால் புகையாய்ப் போகும் அந்தக் குளிர் திரவம் எங்கள் பக்கத்தில் மாட்டுக்குத்தான் சுலபமாகக் கிடைக்கும், விஞ்ஞானத்துக்குக் கிடைக்காது. கொடுக்கும்போது அந்த மனிதர், “பாத்து மேடம், ரெண்டையும் மாத்திப் போட்டுட்டா எங்க ஊரு பசு ரயில் என்ஜின் போட்டுரும்” என்றாராம். இதையும் மேடம் சிரிக்காமல்தான் சொன்னார். பதிவேட்டில் வாட்ச்மேன் எழுதியது: ‘மாட்டு ஆஸ்பத்திரி கேன் ஒன்று.’

விஷயம் இதுதான். முதல் ஊசியில் குளோரின் இருந்தது. ஆனால் அது குழாயிலிருந்து வந்ததா, கடலூர்க் காற்றிலிருந்து வந்ததா, என் வியர்வையிலிருந்து வந்ததா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கைக்குட்டையைப் பற்றி அவர் கேட்டார், நான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “நான் வந்து எடுத்துட்டுப் போயிருக்கணும்” என்றார். இன்னொரு துண்டு வேண்டும். ஈரம் படாமல், எண்ணெய் படாமல், கை படாமல் வெட்டி, அந்த நிமிடமே உறைய வைத்து, சென்னையில் கருவிக்குள் போகும்வரை அந்தக் குளிர் கலையாமல் கொண்டுபோக வேண்டும். உறைந்து கிடக்கும்போது எதுவும் உள்ளே போகாது, வெளியே வராது. அதற்கு வேண்டிய சின்னச் சின்னப் பொருள்களை அவரே லேத்துப் பட்டறையில் உட்கார்ந்து செய்து வைத்திருந்தார்.

கழற்றி வைத்திருந்த எல்போவிலிருந்து துண்டை அறுத்தது எங்கள் ஒப்பந்த ஃபிட்டர். காடாம்புலியூர்க்காரன். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் வேலையும் வாயில் பேச்சும் ஒன்றாக ஓடும்.

“ஆயில் ஊத்தாம அறுத்தா பிளேடு போயிரும் மேடம்.”

“போகட்டும்.”

மூன்று பிளேடு போயிற்று. அவர் நீள இடுக்கியால் துண்டைப் பிடித்துக் கேனுக்குள் இறக்கியபோது ஃபிட்டர் என்னிடம் சொன்னான்: “கை படாம, காத்து படாம, புதுப் பொண்ண அழைச்சினு போற மாதிரி இல்ல தூக்கினு போறாங்க சார்!” பிறகு அவரிடம் கேட்டான்: “மேடம், இது நல்ல பைப்பா, கெட்ட பைப்பா?”

“தெரியாது தம்பி. ஆறு வாரம் ஆகும்.”

“அதுவரைக்கும் நான் அதுகிட்ட கொஞ்சம் மரியாதையா நடந்துக்கறேன்.”

அவர் அன்றைக்குச் சிரித்தார். நான் பார்த்த சில சிரிப்புகளில் அது ஒன்று. ஃபிட்டர் கை கழுவப் போனான். கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது. அவர் என் பக்கம் குனிந்து, சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னார்: “சார், ஆறு வாரத்துக்கு அந்த இன்னொரு எல்போவ ஓட்டாதீங்க. தெரியலன்னா நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல. நிறுத்தி வைங்க.”

“சரிங்க மேடம்” என்றேன்.

அன்று மாலை மேலாளர் என்னைக் கூப்பிட்டு, “அந்தம்மா என்னா சொல்றாங்க?” என்றார். குழாயை நிறுத்தினால் பாதி ஆலை நிற்கும்.

“தெரியாதுங்கறாங்க சார்.”

“தெரியாதுன்னா? குறை இருக்குதா, இல்லியா?”

“இன்னும் ஒண்ணும் கண்டுபிடிக்கல சார்.”

“அத எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். ஆலையில் கடிதம் எழுத நான்தான். நாலு புத்தகம் படித்தவன், வாக்கியம் வழுக்கிக்கொண்டு வரும் என்று பெயர். ‘இதுவரை நடந்த ஆய்வில் குறை எதுவும் காணப்படவில்லை, ஆய்வு தொடர்கிறது’ என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. இதில் பொய் எங்கே என்று யாராவது விரல் வைத்துக் காட்டச் சொன்னால், எனக்கே கொஞ்ச நேரம் தேட வேண்டியிருக்கும். குழாய் ஓடியது.

நாலாவது வாரம், ஒரு காலை, அந்த எல்போவின் இணைப்பில் சொட்டுச் சொட்டாகக் கசிவு என்று தகவல் வந்தது. ஓடுகிற குழாயில் கை வைக்க எழுத்தில் பர்மிட் வேண்டும். எங்கள் ஆலையில் வேலை முடிந்தபிறகு பர்மிட் எழுதுவதுதான் வழக்கம். தேதியும் நேரமும் அழகாகப் பொருந்தும். நான் ஃபிட்டரை போனில் கூப்பிட்டு, “போய் ஒரு சுத்து டைட் பண்ணிட்டு வா. பர்மிட்ட அப்பறம் எழுதிக்கலாம்” என்றேன்.

“சரி சார்” என்றான்.

அவன் ஸ்பானரைப் போட்டுத் திருப்பியபோது எல்போ, மண்சட்டி உடைகிற மாதிரி, இரண்டாக விட்டுப்போனது. மூன்று நாள்தான் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தான். நான் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வாக்கியம் வரவில்லை.

செய்தி சொல்ல மேடத்துக்கு போன் செய்தேன். “எந்த எல்போ?” என்று கேட்டார். சொன்னேன். “ஓடிட்டு இருந்துச்சா?” என்றார். “ஆமாங்க.” வேறொன்றும் கேட்காமல் வைத்துவிட்டார்.

ஆலை தன் பக்கத்தைச் சொல்ல ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை: குழாய் நன்றாகத்தான் இருந்தது, ஃபிட்டர் பர்மிட் இல்லாமல், தானாகவே, தேவைக்கு மேல் முறுக்கி உடைத்துவிட்டார். அதோடு, அக்கறை இருப்பதாகக் காட்ட, மேடத்துடன் சென்னைக்கு என்னை அனுப்பி வைத்தது. சிதம்பரத்தில் ரயில் ஏறும்போது அவர் கேனை யாரிடமும் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

உறைந்த துண்டிலிருந்து ஆறு ஊசிகள். அவற்றில் முதலாவது இழுக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் உடைந்தது. சத்தம் இல்லை, திரையில் வரைகோடு மட்டும் செங்குத்தாக விழுந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. ஐந்தாவது உடைந்தபோது அவர் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். ஆறாவது நின்றது. அன்று பகல் முழுக்க ஓடியது. திரையில் கடுகு தூவியது போல் புள்ளிகள் சேர்ந்தன. அவற்றுக்கு நடுவே, உலோகத்துக்குள் இருக்கும் நுண்மணிகள் இரண்டு ஒட்டும் எல்லையில், குளோரின் ஒரு கோடாக இறங்கியிருந்தது.

“சோடியம் எங்கயாவது தெரியுதான்னு பாருங்க” என்றார். எனக்குப் பார்க்கத் தெரியாது, தன்னிடம்தான் சொல்லிக்கொண்டார். கடல் காற்றாகட்டும், வியர்வையாகட்டும், உப்பு வந்தால் குளோரினோடு சோடியமும் சேர்ந்து வரும். சோடியம் இல்லாமல் குளோரின் மட்டும் வந்தால் அது எங்கள் கரைசல்தான். “இந்தக் கருவி பாக்கக்கூடிய அளவுக்கு சோடியம் இல்ல” என்றார்.

பிறகு அவர் செய்ததை யாரும் செய்யச் சொல்லவில்லை. இத்தனை வாரங்களில் கணக்கிலிருந்து இரைச்சலைக் கழிக்க ஒரு புது வழி கண்டுபிடித்திருந்தார். பழைய முதல் ஊசியின், என் கைக்குட்டை ஊசியின், கணக்கை எடுத்து அதில் போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

“முதல் ஊசியிலயும் சோடியம் இல்ல சார்.”

முன்னும் பின்னும் எதுவும் சேர்க்காமல் அவர் ‘இல்ல’ என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

விசாரணை கடலூர் மஞ்சக்குப்பத்தில், மின்விசிறி கடகடக்கும் ஒரு மாடி அறையில் நடந்தது. ஃபிட்டரின் மனைவி சுவரோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். தொடக்கத்திலேயே எழுந்து அதிகாரியிடம் ஒன்றைத்தான் சொன்னாள்: “அவுரு தப்பா வேல செய்ற ஆளு இல்ல சார். அத மட்டும் எழுதிக் குடுங்க.”

மேடம் ஆறாவது ஊசியைப் பற்றிச் சொன்னார். இரண்டு எல்போவும் ஒரே கரைசலில் ஒரே காலம் இருந்தவை, ஒன்று உள்ளுக்குள் அரித்திருந்தது, மற்றதும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, என் கைக்குட்டை ஊசியைப் பற்றியும் சொன்னார். “அத நான் அன்னிக்கே சரியா எண்ணியிருந்தா, விபத்துக்கு நாலு வாரம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். நான் எண்ணல.” ஆலையின் வக்கீல் அதை எழுதிக்கொள்ளும் வேகத்தில் பேனா கீழே விழுந்தது.

அதிகாரி கேட்டார்: “குழாய நிறுத்தச் சொல்லி ஆலைக்கு எச்சரிக்கை குடுத்தீங்களாம்மா? அதுதான் முக்கியம். குடுத்திருந்தா, தெரிஞ்சே அந்த ஆள அனுப்புனாங்கன்னு ஆகும்.”

அந்தத் தயக்கம் அவர் முகத்தில் வந்தது. கயிறு கட்டி அளந்தார். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

“நிறுத்தச் சொன்னதா ஞாபகம். எழுத்துல குடுக்கல. என்ன வார்த்தை சொன்னேன்னு உறுதியா இல்ல. ‘ஓட்டாதீங்க’ன்னு சொன்னேனா, ‘பாத்து ஓட்டுங்க’ன்னு சொன்னேனா... கம்ப்ரசர் சத்தம் வேற.”

“உறுதியா இல்லங்கறதப் பதிவு பண்ணணும்” என்றார் வக்கீல்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “நீங்கதான பக்கத்துல இருந்தீங்க. என்ன சொன்னாங்க?”

எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. மேலே எழுதியிருப்பதில் ஓர் எழுத்து கூடக் குறையாது.

“குழாய் நல்லதா கெட்டதான்னு தெரியாதுன்னு சொன்னாங்க சார்” என்றேன்.

வெளியே வந்து எதிரே இருந்த கடையில் டீ சொன்னோம். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்: “சார், உங்களுக்காவது ஞாபகம் இருக்கா? நான் அன்னிக்கு என்ன வார்த்தை சொன்னேன்?”

மாடியில் அதிகாரி இன்னும் இருந்தார். படிக்கட்டு எனக்கு இருபது அடி தூரம்.

“சரியா ஞாபகம் இல்லைங்க மேடம். சத்தமா இருந்துச்சு.”

அவர் தலையசைத்தார். தோள்கள் லேசாக இறங்கின. “அப்ப நான் உறுதியா சொல்லாததும் சரிதான். சொல்லியிருந்தா பொய்யாயிருக்கும்” என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டுச் சிதம்பரத்திலிருந்தே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை.

உத்தரவு வந்தபோது அதன் நகலைக் காடாம்புலியூருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஆலை என்னைத்தான் அனுப்பியது. இரண்டு பக்கம், ஆங்கிலத்தில். முதல் பக்கத்தில் எல்போ உள்ளே அரித்திருந்தது, ஆய்வுக்கூடம் காலத்தில் கண்டுபிடிக்கவில்லை, ஆலைக்கு எச்சரிக்கை தந்ததாக உறுதியாகவில்லை என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில், எழுத்துமூல அனுமதி இன்றித் தானாக வேலையில் இறங்கியதால் விபத்தில் இறந்தவருக்கும் பாதிப் பொறுப்பு உண்டு என்று.

அவள் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். கையில் ஒட்டியிருந்த சாம்பலை முந்தானையில் துடைத்துவிட்டு வந்தாள்.

“அந்த மேடம் போன வாரம் வந்திருந்தாங்க சார். ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. எல்லாம் அவுங்க தப்புன்னு சொன்னாங்க. உங்களப் பத்திகூட சொன்னாங்க. தெரியாதத வாய்ல போட்டுப் பேசாத மனுசன், அவர் சொன்னா நம்பலாம்னாங்க.” காகிதத்தைப் பார்த்தாள். “என்னா சார் போட்டிருக்கு?”

“குழாய்லதாம்மா கோளாறு. உள்ள அரிச்சிருந்துச்சு. அதனாலதான் உடைஞ்சிதுன்னு போட்டிருக்கு.”

“அவுரு மேல தப்பு இல்லன்னு போட்டிருக்கா?”

“குழாய் மேலதாம்மா.”

அவள் என் கையிலிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டாள். “பன்னெண்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன் சார். நானே மெதுவாப் படிச்சிக்கறேன்” என்று வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, முதல் வரியின் கீழ் விரலை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக வாய்க்குள் கூட்ட ஆரம்பித்தாள்.

அவள் பக்கத்தைத் திருப்புவதற்குள் நான் தெருமுனைக்கு வந்துவிட்டேன்.